யூனியன் ஆரம்பித்ததும் டிரான்ஸ்ஃபர், சார்ஜ் ஷீட்: சட்டத்தில் என்ன வழி? (ஓசூர்)

சிப்காட்_நைட்ஷிஃப்ட்:

எல்லோருக்கும் வணக்கம். ஓசூர் சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் சி.என்.சி. ஆபரேட்டர் நான். கம்பெனி பெயர் வேண்டாம். பெர்மனென்ட் 140 பேர் இருக்கிறோம், கான்ட்ராக்ட் அதைவிட அதிகம், டிரெய்னி எத்தனை பேர் என்று ஹெச்.ஆருக்கே தெரியாது போல. பொங்கல் முடிந்து யூனியன் ஆரம்பிக்க உட்கார்ந்தோம். பெர்மனென்ட் ஆட்களில் பாதிக்கு மேல் கையெழுத்துப் போட்டாயிற்று, பதிவுக்கும் விண்ணப்பம் கொடுத்துவிட்டோம்.

அப்புறம்தான் ஆரம்பித்தது. தலைவராகப் போட்டிருக்கும் அண்ணனுக்கு உத்தராகண்ட் யூனிட்டுக்கு டிரான்ஸ்ஃபர், ஏழு நாளில் போய்ச் சேர வேண்டுமாம். பொருளாளருக்கு மெஷினை விட்டு இருபது நிமிஷம் காணவில்லை என்று சார்ஜ் ஷீட் (குற்றச்சாட்டுக் கடிதம்), மனுஷன் டாய்லெட் போய்விட்டு வழியில் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருக்கிறார், அவ்வளவுதான். எனக்கு விளக்கம் கேட்டு ஷோ காஸ் நோட்டீஸ். பாலக்கோடு பக்கத்துப் பையன் ஒருவன் வீட்டுக்கு சூப்பர்வைசரே பைக்கில் போய் அவன் அப்பாவிடம் "உங்க பையன் சகவாசம் சரியில்லைங்க, வேலை போயிடும், அப்புறம் எங்களைக் கேட்காதீங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். இதற்கு நடுவில் எல்லோருக்கும் திடீரென்று மாதம் 1,500 ரூபாய் உயர்வு என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள், இரண்டு வருஷமாகக் கேட்டும் கிடைக்காத 1,500. கையெழுத்துப் போட்ட சிலர் இப்போது "நம்ம படிவத்தைத் திருப்பிக் கொடுத்திடுங்க" என்கிறார்கள்.

இதெல்லாம் சட்டப்படி செய்யலாமா? போலீஸுக்குப் போவதா, லேபர் ஆபீஸா, நேரா ஹைகோர்ட்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கெலமங்கலத்தான்:

செய்யலாமா என்றால் செய்யக்கூடாது. ஆனால் செய்வார்கள். என் தாய்மாமா ஒருத்தர் இதே மாதிரி யூனியன் ஆரம்பித்து டிஸ்மிஸ் ஆனவர், அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டமே ஆகவில்லை, எல்லாம் தருமபுரிதான். கேஸுக்கு சேலம் லேபர் கோர்ட்டுக்குப் பஸ் ஏறி ஏறியே தலை நரைத்தது. கடைசியில் ஜெயித்தார், ரிடையர்மென்ட் வயசு பக்கத்தில் வந்த பிறகு. சட்டத்தை நம்பி வேலையைப் பணயம் வைக்காதே தம்பி என்பதுதான் என் அபிப்பிராயம்.

பழைய_டர்னர்:

கெலமங்கலத்தான் சொல்வது பொய்யில்லை, ஆனால் பாதிதான். சட்டம் மெதுவாகப் போகும் என்பதற்காகக் கையில் இருக்கிற காகிதத்தையும் எழுதாமல் விட்டால், மெதுவாகக்கூடப் போகாது. நான் ஓசூரில் லேத்தில் நின்றே ரிடையர் ஆனவன், இரண்டு யூனியனில் பொறுப்பில் இருந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதியதில் ஒவ்வொன்றுக்கும் சட்டத்தில் தனித்தனி வரி இருக்கிறது. 1947 தொழில் தகராறுச் சட்டத்தில் ஐந்தாவது அட்டவணை என்று ஒன்று உண்டு, 1984-ல் நடைமுறைக்கு வந்தது. நியாயமற்ற தொழில் நடைமுறைகள் (அன்ஃபேர் லேபர் பிராக்டிஸ்) என்று முதலாளி தரப்புக்கு 16 இனம் போட்டிருப்பார்கள். யூனியனில் சேர்ந்தால் வேலை போகும் என்று மிரட்டுவது முதல் இனத்திலேயே வருகிறது, அந்தப் பையன் வீட்டுக்குப் போனது அதுதான். யூனியன் கட்டுகிற நேரம் பார்த்து, அதைக் கெடுக்கும் நோக்கத்தோடு சம்பளம் உயர்த்துவதும் அதே இனம். உங்கள் 1,500 ரூபாய்க்கு எவனோ அன்றைக்கே வரி எழுதி வைத்திருக்கிறான் பாருங்கள். நிர்வாகக் கொள்கை என்ற பெயரில் கெட்ட எண்ணத்தோடு மாற்றல் போடுவது ஏழாவது இனம். அற்பக் காரணத்துக்குப் பெரிய தண்டனை, பொய்க் குற்றச்சாட்டு, அவசர அவசரமாக முடிக்கிற விசாரணை எல்லாம் ஐந்தாவதில். நிர்வாகமே ஒரு யூனியனை ஆரம்பித்துக் கொடுப்பதும் பட்டியலில் இருக்கிறது, அது உங்களுக்கு இன்னும் வரவில்லை, வரும்.

2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டம் போய் தொழில் உறவுகள் தொகுப்பு வந்துவிட்டது. பயப்பட வேண்டாம், அந்தப் பட்டியல் இரண்டாவது அட்டவணை என்ற பெயரில் அங்கேயும் இருக்கிறது. 84-வது பிரிவு இவற்றைச் செய்யக்கூடாது என்கிறது.

சரி, செய்தால் என்ன? இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பழைய சட்டத்தில் தண்டனை ஆறு மாதம் வரை ஜெயில் அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். புதியதில் ஜெயிலை எடுத்துவிட்டு அபராதத்தை 10,000-லிருந்து 2 லட்சம் வரை ஏற்றியிருக்கிறார்கள், திரும்பச் செய்தால்தான் ஜெயில் பேச்சு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அரசு புகார் கொடுத்தால், அல்லது அரசு அதிகாரம் கொடுத்தால்தான் கோர்ட் அந்த வழக்கை எடுக்கும், நீங்களாகப் போய்ப் போட முடியாது. அபராதம் கட்டினாலும் அது அரசுக்குப் போகும், உத்தராகண்ட் டிரான்ஸ்ஃபர் அப்படியே நிற்கும். "கம்பெனி மேல அன்ஃபேர் லேபர் பிராக்டிஸ் கேஸ் போட்டு உள்ளே தள்ளிடலாம்" என்று யாராவது மேடையில் சொன்னால் கைதட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

அந்தப் பட்டியலின் பயன் வேறு. உங்கள் மாற்றலோ டிஸ்மிஸலோ தீர்ப்பாயத்துக்குப் போகும்போது, அது ஏன் கெட்ட எண்ணம் என்று காட்டும் அளவுகோல் அது.

இப்போது உடனே செய்ய வேண்டியது. யூனியன் ஆரம்பித்திருக்கிறோம், நிர்வாகிகள் இவர்கள், பதிவுக்கு விண்ணப்பித்திருக்கிறோம் என்று கம்பெனிக்குக் கடிதம் அனுப்பினீர்களா? தேதி என்ன? ஆதாரம் கையில் இருக்கிறதா? இதற்குப் பதில் சொல்லுங்கள், மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

சிப்காட்_நைட்ஷிஃப்ட்:

அனுப்பவில்லைண்ணா. பதிவு எண் வந்த பிறகு லெட்டர்பேடு அடித்துக் கொடுக்கலாம் என்று இருந்தோம். ஆனால் அவர்களுக்குத் தெரியும், ஊருக்கே தெரியும்.

பழைய_டர்னர்:

ஊருக்குத் தெரியும், கோர்ட்டுக்குத் தெரியாது. நாளைக்கு அவர்கள் வக்கீல் எழுந்து "இப்படி ஒரு யூனியன் இருப்பதே எங்களுக்குத் தெரியாது, மாற்றல் பிசினஸ் தேவைக்காகப் போட்டது" என்பார். பழிவாங்கல் என்று நிரூபிக்க வேண்டிய பாரம் உங்கள் தலையில். நீங்கள் யூனியன் ஆள் என்று அவர்களுக்குத் தெரியும், தெரிந்த பிறகுதான் ஆர்டர் வந்தது. இந்த இரண்டையும் தேதியோடு காட்ட முடிந்தால் பாதிக் கேஸ் முடிந்தது. முடியாவிட்டால் ஐந்தாவது அட்டவணையை மனப்பாடமாக ஒப்பித்தாலும் பயனில்லை.

இன்றைக்கே வெள்ளைத்தாளில் எழுதுங்கள், லெட்டர்பேடு தேவையில்லை. நிர்வாகிகள் பெயர், டோக்கன் நம்பர், விண்ணப்பம் கொடுத்த தேதி. கம்பெனி எம்.டி.க்கு ஒன்று, பிளான்ட் ஹெட்டுக்கு ஒன்று, தொழிலாளர் துறைக்கு நகல். பதிவுத் தபால்தான் ஸ்பீட் போஸ்டோடு சேர்ந்துவிட்டதே, டெலிவரி ஒப்புகையோடு அனுப்பி ரசீதை லேமினேட் பண்ணாமல் (இங்க் போய்விடும்) கவரில் போட்டு வையுங்கள். ஈமெயிலும் அனுப்புங்கள். கேட்டில் கொடுத்து "வாங்க மறுத்தார்கள்" என்று சொல்வதில் ஒன்றும் கிடைக்காது.

ஏற்கெனவே நடந்ததற்கும் கடிதம் வேண்டும். பாலக்கோடு வீட்டுக்குப் போன விஷயத்தை அந்தப் பையனின் அப்பாவே தேதி, நேரம், சொன்ன வார்த்தை போட்டு எழுதிக் கையெழுத்துப் போடட்டும். ஷாப் ஃப்ளோரில் போன் கொண்டுபோக விட மாட்டார்கள், அதனால் வெளியே வந்ததும் ஒரு நோட்டில் அன்றன்றைக்கு எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் ஹெச்.ஆர். ஏதாவது அனுப்பியிருந்தால் ஸ்கிரீன்ஷாட்டோடு விடாதீர்கள், போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள். மின்னணுச் சாட்சியத்துக்குத் தனிச் சான்றிதழ் கேட்பார்கள், 2023-ல் வந்த சாட்சியச் சட்டத்தில் 63-வது பிரிவு.

குமாஸ்தா_தருமபுரி:

நான் வக்கீல் ஆபீஸில் குமாஸ்தா, வக்கீல் இல்லை, அதை மனதில் வைத்துப் படியுங்கள். டர்னர் ஐயா சொன்னதோடு சிலது சேர்க்கிறேன்.

பதிவு எண் வரும்வரை யூனியன் இல்லை என்று நினைக்காதீர்கள். மற்றவர்களை யூனியனில் சேரச் சொன்னதற்காகவோ, அமைப்புக் கட்டியதற்காகவோ தண்டிப்பது என்றுதான் அட்டவணையில் இருக்கிறது, பதிவு பெற்ற யூனியன் என்று இல்லை. பதிவுக்குக் குறைந்தது ஏழு பேர், அதோடு மொத்தத் தொழிலாளரில் 10 சதவீதம் அல்லது 100 பேர், எது குறைவோ அது. உங்களிடம் அது தாராளமாக இருக்கிறது. பதிவு இழுத்தடித்தால் என்ன ஆகும் என்பதற்கு சுங்குவார்சத்திரம் சாம்சங் விஷயத்தைப் பாருங்கள். 2024 செப்டம்பர் 9-ல் ஆரம்பித்து 37 நாள் ஸ்டிரைக், முக்கியக் கோரிக்கையே யூனியனைப் பதிவு செய் என்பதுதான். ஹைகோர்ட் வரை போய் 2025 ஜனவரி கடைசியில்தான் பதிவு கிடைத்தது.

அடுத்தது அங்கீகாரம். தமிழ்நாட்டில் யூனியனை அங்கீகரித்தே ஆக வேண்டும் என்று சட்டம் இதுவரை கிடையாது, மகாராஷ்டிராவில் 1971-ம் வருஷச் சட்டம் ஒன்றில் உண்டு. இப்போது புதிய தொகுப்பில் 14-வது பிரிவு வந்திருக்கிறது. ஒரே யூனியன் இருந்தால் அதுதான் பேச்சுவார்த்தை யூனியன். பல இருந்தால் 51 சதவீதம் வைத்திருப்பது. யாருக்கும் 51 இல்லை என்றால் 20 சதவீதம் வைத்திருப்பவர்கள் சேர்ந்து கவுன்சில். ஆகவே இனிமேல் கம்பெனிகள் தங்கள் ஆட்களை வைத்து இரண்டாவது யூனியன் ஆரம்பிக்க ஆர்வம் அதிகமாகும் என்பது என் கணிப்பு. படிவத்தைத் திருப்பிக் கேட்பவர்களைத் திட்டி அனுப்பாதீர்கள், அந்த சதவீதம் உங்களுக்கு வேண்டும்.

எதிர்_மேசை:

நான் ஹெச்.ஆர். பக்கம் இருப்பவன், உங்கள் கம்பெனி இல்லை. அடிக்க வராதீர்கள், தகவலுக்காக எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் முதலில் பார்ப்பது யூனியன் ஆள் என்ன தப்பு செய்தான் என்பதில்லை, என்ன தப்பு செய்யப் போகிறான் என்பது. கையெழுத்து வாங்கிய பிறகு இரண்டு வாரத்தில் யாராவது ஒருத்தர் கோபத்தில் சூப்பர்வைசரைத் தள்ளிவிடுவார், ஒரு லைன் மெதுவாக ஓடும், யாராவது கேட்டுக்குள்ளேயே கோஷம் போடுவார்கள். அதன் பிறகு யூனியன் விஷயம் டிசிப்ளின் விஷயமாக மாறிவிடும், கேமரா ஃபுட்டேஜ் எங்களிடம் இருக்கும். 'பழிவாங்கல்' என்று யாரும் பேச முடியாது. உற்பத்தியை ஒரு பீஸ்கூடக் குறைக்காதீர்கள் என்பதுதான் எதிர்ப்பக்கத்திலிருந்து நான் சொல்லக்கூடிய நேர்மையான யோசனை.

இன்னொன்று, வொர்க்ஸ் கமிட்டி (நிர்வாகமும் தொழிலாளர் பிரதிநிதிகளும் சேர்ந்த குழு) வழியாகப் பேசினால் பாதிப் பிரச்சினை சுமுகமாக முடியும். எல்லாவற்றுக்கும் யூனியன் தேவையா?

பழைய_டர்னர்:

முதல் பாரா தங்கம். அதை பிரின்ட் எடுத்து எல்லோருக்கும் கொடுங்கள் தம்பி. அவர் சொன்ன கோபக்காரர் ஒவ்வொரு யூனியனிலும் ஒருத்தர் இருப்பார், அவரைத் தனியாகக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்துப் பேசுங்கள்.

இரண்டாவது பாராவுக்கு 1960-லேயே பதில் வந்துவிட்டது. நார்த் புரூக் ஜூட் வழக்கில் சுப்ரீம் கோர்ட், வொர்க்ஸ் கமிட்டி என்பது அன்றாட உரசல்களைத் தீர்க்க, அது யூனியனுக்கு மாற்று ஆகாது, வேலை நிபந்தனைகளில் பெரிய மாற்றங்களைக் கமிட்டி முடிவு செய்துவிட முடியாது என்று சொல்லிவிட்டது. கேன்டீன் சாம்பாரைப் பற்றிக் கமிட்டியில் பேசலாம், தாராளமாக.

ராயக்கோட்டை_தங்கை:

நான் வேறு மாதிரி இடத்தில் இருக்கிறேன், எலக்ட்ரானிக்ஸ், எல்லோரும் பெண்கள், ஹாஸ்டல். எங்கள் பக்கம் சார்ஜ் ஷீட்டெல்லாம் தருவதில்லை. வார்டன் வீட்டுக்குப் போன் போடுவார், "உங்க பொண்ணு யார் யார்கூடவோ கூட்டத்துக்குப் போறா" என்பார், அவ்வளவுதான், அடுத்த நாள் அப்பா வந்து பெட்டியைக் கட்டச் சொல்லிவிடுவார். ராஜினாமாக் கடிதத்தை நாங்களே எழுதிக் கொடுக்கிறோம். கோர்ட்டில் இது என்ன கணக்கு? அப்புறம் எங்களில் பாதிப் பேர் அப்ரன்டிஸ். எங்களுக்கு யூனியன் உரிமை உண்டா இல்லையா, ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

குமாஸ்தா_தருமபுரி:

தங்கச்சி, கசப்பான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். 1961 அப்ரன்டிஸ் சட்டத்தில் 18-வது பிரிவு, அப்ரன்டிஸ் என்பவர் பயிற்சியாளர், தொழிலாளி இல்லை, தொழிலாளர் சட்டங்கள் பொருந்தாது என்கிறது. புதிய தொகுப்பும் அவர்களைத் தொழிலாளி என்ற வரையறையிலிருந்து வெளியே வைத்திருக்கிறது. ஆனால் கம்பெனி 'டிரெய்னி' என்று கூப்பிடுவதால் மட்டும் ஒருவர் அந்தச் சட்டத்தின் கீழ் அப்ரன்டிஸ் ஆகிவிட மாட்டார். ஒப்பந்தம் அரசு போர்ட்டலில் பதிவாகியிருக்கிறதா, பயிற்சி நடக்கிறதா, அல்லது முதல் நாளே லைனில் உட்கார வைத்து டார்கெட் கொடுத்தார்களா, இதையெல்லாம் பார்க்க வேண்டும். பதிவாகாத டிரெய்னி என்றால் நான் தொழிலாளிதான் என்று வாதாட இடம் இருக்கிறது. டெம்பரவரி என்று வைத்திருப்பவர்களுக்குத் தமிழ்நாட்டின் 1981 நிரந்தரத் தகுதிச் சட்டம் இருக்கிறது, 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்திருந்தால் நிரந்தரம். சம்பளச் சீட்டை யாரும் தூக்கிப் போடாதீர்கள்.

ராஜினாமா விஷயம்: மிரட்டி எழுதி வாங்கியது என்று நிரூபிக்கலாம், ஆனால் நாள் போகப்போகக் கஷ்டம். எழுதிக் கொடுத்த அன்றைக்கோ மறுநாளோ "நான் விருப்பப்பட்டு எழுதவில்லை, இந்தச் சூழ்நிலையில் எழுதினேன், திரும்பப் பெறுகிறேன்" என்று ஒரு ஈமெயில். இரண்டு வரி போதும். வீட்டிலிருந்தே போனில் அனுப்பலாம். வார்டன் போன் செய்த நேரம் உங்கள் அப்பா போனில் கால் லிஸ்டில் இருக்கும், அதை அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ராயக்கோட்டை_தங்கை:

கால் லிஸ்ட் யோசனை யாருக்கும் வரவில்லை. நன்றி அண்ணா.

மத்தூர்_டெட்ராய்ட்:

சொந்த ஊர் மத்தூர், இப்போது அமெரிக்காவில். அங்கே எல்லாம் சரியாக இருக்கும் என்று நினைப்பவர்களுக்காக ஒரு வரி. இங்கே 1935-ல் வந்த தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம்தான் இன்றைக்கும். யூனியன் கட்டியதற்காக வேலையை விட்டுத் தூக்கினால் கம்பெனிக்கு அபராதமே கிடையாது. திரும்ப வேலை, இழந்த சம்பளம், அதிலும் நடுவில் வேறு எங்காவது சம்பாதித்ததைக் கழித்துக்கொள்வார்கள். புகார் கொடுக்க ஆறு மாதம்தான் கெடு. யூனியன் வேண்டுமா என்று தொழிலாளர்கள் ஓட்டுப்போடும் தேர்தலே நியாயமாக நடக்க முடியாத அளவுக்குக் கம்பெனி கெடுத்துவிட்டால், யூனியன் ஆதரவு அட்டைகளில் பெரும்பான்மைக் கையெழுத்து இருந்தது என்பதை வைத்து யூனியனோடு பேசு என்று உத்தரவிடலாம் என 1969-ல் கிஸ்ஸல் வழக்கில் இங்குள்ள சுப்ரீம் கோர்ட் சொன்னது. அப்புறம் ஒரு வேடிக்கையான பரிகாரம் உண்டு: "நாங்கள் சட்டத்தை மீறினோம், இனிமேல் செய்ய மாட்டோம்" என்கிற மாதிரி ஒரு நோட்டீஸைக் கம்பெனியே தன் போர்டில் ஒட்ட வேண்டும்.

கெலமங்கலத்தான்:

அந்த நோட்டீஸ் ஒன்றை ஓசூரில் ஒட்டவையுங்கள், செல்ஃபி எடுக்க பாகலூர் ரோடு வரை கியூ நிற்கும்.

சிப்காட்_நைட்ஷிஃப்ட்:

😀 சரி, அவசரமான கேள்வி. தலைவர் அண்ணனுக்கு டிரான்ஸ்ஃபர் கெடு முடிய இன்னும் மூன்று நாள். வீட்டில் குழந்தைகள் படிக்கிறார்கள், அம்மாவுக்கு டயாலிசிஸ். போகவே கூடாது, போனால் யூனியன் உடைந்துவிடும் என்று பசங்க சொல்கிறார்கள். போகாவிட்டால்?

பழைய_டர்னர்:

இதுதான் ரொம்பப் பேர் விழுகிற குழி. போகாவிட்டால் மாற்றல் கேஸ் செத்துவிடும், கீழ்ப்படியவில்லை என்று சார்ஜ் ஷீட் வரும், அதற்கு டிஸ்மிஸ் பண்ணுவார்கள், அப்புறம் நீங்கள் வாதாட வேண்டியது "நான் ஏன் கீழ்ப்படியவில்லை" என்று. எதிராளி இழுத்த இடத்தில் போய் நின்றுவிட்டீர்கள்.

அவருடைய வேலை நியமன ஆர்டரை எடுத்துப் பாருங்கள். "இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் மாற்றலாம்" என்று வரி இருக்கிறதா? சர்டிஃபைடு ஸ்டாண்டிங் ஆர்டரில் (கம்பெனியின் சான்று பெற்ற வேலை விதிகள்) என்ன இருக்கிறது? இரண்டிலும் இல்லை என்றால் அவர் நிலை பலம். ஆபரேட்டரை, அதுவும் உள்ளூரில் எடுத்த ஆளை, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் எந்த அதிகாரத்தில் அனுப்புகிறீர்கள் என்று கேட்கலாம். வரி இருந்தால், எதிர்ப்புத் தெரிவித்துப் போய்ச் சேர்வதுதான் பாதுகாப்பு, அங்கே போய் லீவு போட்டாலும் சரி. "இந்த மாற்றல் என் சங்க நடவடிக்கைக்காகப் போடப்பட்டது, உரிமையை விட்டுக்கொடுக்காமல் எதிர்ப்போடு சேர்கிறேன்" என்று எழுதிவிட்டுச் சேர வேண்டும். அதே நாளில் இங்கே லேபர் ஆபீஸில் தாவா (தொழில் தகராறு) எழுப்ப வேண்டும். அம்மாவின் டயாலிசிஸ் காகிதங்களை வைத்துக் கெடு நீட்டிக்கச் சொல்லி இன்றைக்கே எழுதுங்கள். நீட்டிக்க மாட்டார்கள், ஆனால் மறுத்தார்கள் என்பதே உங்கள் கேஸில் ஒரு காகிதம்.

குமாஸ்தா_தருமபுரி:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். மாற்றல் விதி ஆர்டரிலேயே இல்லாதபோது போய்ச் சேர்ந்தால் சம்மதித்த மாதிரி ஆகிவிடும் என்று எங்கள் சார் சொல்வார். எதிர்ப்போடு சேர்வதும் எல்லாக் கேஸிலும் காப்பாற்றாது. இந்த ஒரு விஷயத்துக்காவது ஆர்டரை எடுத்துக்கொண்டு நேரில் ஒரு லேபர் வக்கீலைப் பாருங்கள், இங்கே நாங்கள் எழுதுவதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

பழைய_டர்னர்:

சரி, அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆர்டரில் வரி இல்லாத கேஸில் அவர் சொல்வதுக்கும் நியாயம் இருக்கிறது.

இப்போது முன்னே சொல்லாமல் விட்டது. பழைய சட்டத்தில் 33, புதியதில் 90-வது பிரிவு. இதைத்தான் எல்லோரும் கவசம் என்போம். ஒரு தாவா லேபர் ஆபீஸின் சமரச அதிகாரி முன்னாலோ தீர்ப்பாயத்திலோ நிலுவையில் இருக்கும்போது, அந்தத் தாவா சம்பந்தப்பட்ட விஷயத்தில் வேலை நிபந்தனைகளைத் தொழிலாளிக்குப் பாதகமாக மாற்றக்கூடாது. தாவா தொடர்பான குற்றச்சாட்டில் டிஸ்மிஸ் செய்ய அந்த அதிகாரியிடம் முன்கூட்டியே எழுத்து மூலமாக அனுமதி வாங்க வேண்டும். தாவாவோடு சம்பந்தமில்லாத குற்றச்சாட்டு என்றாலும் ஒரு மாதச் சம்பளம் கொடுத்து, ஒப்புதலுக்கு மனு போட வேண்டும். அந்த ஒப்புதல் கேட்காமலே டிஸ்மிஸ் செய்தால் அது செல்லாது, ஆள் வேலையில் இருப்பதாகத்தான் கணக்கு என்று 2002-ல் ஜெய்ப்பூர் ஜில்லா சககாரி வங்கி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். மீறினால் தொழிலாளி நேராகப் புகார் கொடுக்கலாம், பழையதில் 33ஏ, இப்போது 91.

பாதுகாக்கப்பட்ட தொழிலாளி என்று இன்னொரு அடுக்கு உண்டு. பதிவு பெற்ற யூனியனின் நிர்வாகிகளில் மொத்தத் தொழிலாளரில் 1 சதவீதம், ஆனால் குறைந்தது 5 பேர், அதிகபட்சம் 100 பேர். தாவா நிலுவையில் இருக்கும்வரை அவர்களை எந்தக் காரணத்துக்கும் முன்அனுமதி இல்லாமல் தூக்க முடியாது. உங்கள் கம்பெனிக்கு ஐந்து பேர். பதிவு எண் வந்த அன்றைக்கே ஐந்து பெயரை எழுதிக் கொடுங்கள், மாலை போட்டு போட்டோ எடுப்பதை அடுத்த நாள் வைத்துக்கொள்ளலாம்.

இதில் வரிசைதான் முக்கியம். டிஸ்மிஸ் ஆன பிறகு தாவா எழுப்பினால் இந்தக் கவசம் கிடையாது. அதனால் அவர்கள் அடுத்த ஆர்டர் அடிக்குமுன் நீங்கள் கோரிக்கை மனு கொடுத்துத் தாவா எழுப்பியிருக்க வேண்டும். சம்பளம், கேன்டீன், பஸ், மாற்றல், 1,500 ரூபாய் உயர்வை எப்படி முடிவு செய்தீர்கள், எல்லாம் போடுங்கள்.

எதிர்_மேசை:

அவர் சொன்னது சரி. எங்கள் ஆட்களும் இதே வரிசையைத் தெரிந்துதான் சமரசத் தேதிக்கு முன்னாலேயே ஆர்டரை அடிக்கச் சொல்வார்கள்.

கெலமங்கலத்தான்:

எல்லாம் சரி, டிஸ்மிஸே ஆகிவிட்டால்? வயிறு காத்திருக்குமா?

குமாஸ்தா_தருமபுரி:

தனி ஆளின் டிஸ்மிஸலுக்கு யூனியன் துணைகூட வேண்டாம், பழைய சட்டத்தின் 2ஏ பிரிவு மாதிரியே இப்போதும் அதுவே தொழில் தாவா. சமரச அதிகாரியிடம் மனு போட்டு 45 நாள் ஆனால் நேராகத் தீர்ப்பாயம் போகலாம், அரசு அனுப்பிவைக்க (ரெஃபரன்ஸ்) தேவையில்லை. ஆனால் கெடுவைக் கவனியுங்கள், முன்பு மூன்று வருஷம், இப்போது இரண்டு வருஷம்.

சஸ்பென்ஷனில் வைத்திருந்தால் பிழைப்பூதியம் உண்டு. தமிழ்நாட்டின் 1981 சட்டப்படி முதல் 90 நாள் பாதிச் சம்பளம், 180 நாள் வரை முக்கால், அதற்கு மேல் முழுச் சம்பளம், இழுத்தடிப்பது தொழிலாளியாக இல்லாத பட்சத்தில். இதைக் கொடுக்காமல் விசாரணை நடத்தி ஆளில்லாமல் முடித்தால் அந்த விசாரணையே செல்லாது என்று 1999-ல் தீர்ப்பு இருக்கிறது, அதுவும் பக்கத்தில் கோலார் தங்கவயல் பாரத் கோல்டு மைன்ஸ் வழக்குதான்.

ஜெயித்தால் பேக் வேஜஸ் (வேலை இல்லாமல் இருந்த காலத்துச் சம்பளம்): தப்பான டிஸ்மிஸல் என்றால் முழுச் சம்பளமும் கொடுப்பதே பொது விதி என்று 2013-ல் தீபாலி சுர்வாசே வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. ஆனால் நடுவில் வேறு வேலையில் நல்ல வருமானம் இல்லை என்று தொழிலாளி முதலில் மனுவில் சொல்ல வேண்டும். நடைமுறையில் கோர்ட்டுகள் பாதி, கால்வாசி என்று கொடுப்பதும் உண்டு. நீங்கள் ஆட்டோ ஓட்டினாலும் மார்க்கெட்டில் தக்காளிக் கூடை தூக்கினாலும் அதை மறைக்காதீர்கள், குறுக்கு விசாரணையில் அவர்கள் போட்டோவோடு வருவார்கள். தீர்ப்பாயத்தில் வென்ற பிறகு கம்பெனி ஹைகோர்ட் போனால், அங்கே வழக்கு முடியும்வரை கடைசியாக வாங்கிய சம்பளத்தை மாதாமாதம் கேட்கலாம், பழைய சட்டத்தில் 17பி பிரிவு, புதியதிலும் இருக்கிறது. கெலமங்கலத்தான் மாமாவுக்கு இதைக் கேட்டார்களா என்று தெரிந்துகொள்ள ஆசை.

கெலமங்கலத்தான்:

கேட்டார்கள், வந்தது. அதில்தான் அக்கா கல்யாணம் நடந்தது. அதை மட்டும் நான் சொல்லவில்லை, சரி.

சிப்காட்_நைட்ஷிஃப்ட்:

பசங்க எல்லோரும் ஒரே நாளில் கேஷுவல் லீவு போட்டு எதிர்ப்பைக் காட்டலாமா என்று கேட்கிறார்கள்.

பழைய_டர்னர்:

வேண்டாம். புதிய சட்டத்தில் பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் கேஷுவல் லீவு போட்டால் அதுவும் ஸ்டிரைக்தான். ஸ்டிரைக்குக்கு இப்போது எல்லாக் கம்பெனியிலும் 14 நாள் முன்நோட்டீஸ், முன்பு பொதுப் பயன்பாட்டுத் தொழில்களுக்கு மட்டும்தான் இருந்தது. சமரசம் நடக்கும்போதும் முடிந்து ஏழு நாளும் ஸ்டிரைக் கூடாது. நோட்டீஸ் இல்லாமல் ஒரு நாள் உட்கார்ந்தால் நீங்கள் சேர்த்த காகிதத்துக்கெல்லாம் எதிரில் அவர்கள் ஒரே ஒரு காகிதம் வைப்பார்கள். கறுப்பு பேட்ஜ் குத்திக்கொண்டு முழு புரொடக்‌ஷன் கொடுங்கள், அது போதும் இப்போதைக்கு.

சிப்காட்_நைட்ஷிஃப்ட்:

அப்டேட். கடிதம் போயிற்று, டெலிவரி காட்டுகிறது. தாவா மனுவும் கொடுத்தாயிற்று. தலைவர் அண்ணனின் நியமன ஆர்டரில் மாற்றல் பற்றி வரியே இல்லை, வக்கீல் போகவேண்டாம் என்று பதில் கடிதம் அடித்துக் கொடுத்தார். லேபர் ஆபீஸிலிருந்து முதல் பேச்சுக்குத் தேதி போட்டார்கள். இன்றைக்கு காலையில் கம்பெனி "எங்கள் அதிகாரி வெளியூரில் இருக்கிறார், இரண்டு வாரம் கழித்துத் தேதி கொடுங்கள்" என்று அங்கே மெயில் அனுப்பியிருக்கிறதாம். அப்போ நாங்கள் போகத் தேவையில்லையா?

பழைய_டர்னர்:

கட்டாயம் போங்கள். அவர்கள் ஏன் தேதி கேட்கிறார்கள் என்று எதிர்_மேசை மேலே எழுதியிருக்கிறாரே. மனு கொடுத்ததாலேயே கவசம் வந்துவிடாது, சமரசம் தொடங்கியாக வேண்டும், முதல் கூட்டம் நடந்த தேதியைத்தான் பிறகு கேட்பார்கள். அதிகாரி முன்னால் உட்காருங்கள், உங்கள் தரப்பு வந்தது, நிர்வாகம் வரவில்லை என்று பதிவேட்டில் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள். கூட்டம் நடந்ததாகப் பதிவு செய்யுங்கள் என்று ஒரு மனுவும் கையோடு கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். இரண்டு வாரம் தர வேண்டாம், இரண்டு நாளில் தேதி கேளுங்கள், அதுவரை இருக்கிற நிலை தொடரட்டும் என்று கம்பெனிக்கு ஆலோசனைக் கடிதம் அனுப்பும்படியும் கேளுங்கள். ஐந்து பேருக்கு மேல் உள்ளே போகாதீர்கள், மற்றவர்கள் ஷிஃப்டுக்குப் போகட்டும்.

சிப்காட்_நைட்ஷிஃப்ட்:

சரிண்ணா. நான் நைட் முடித்துவிட்டு நேராக அங்கே போய்விடுகிறேன். மனு மாதிரி ஏதாவது இருந்தால் போடுங்கள்.

குமாஸ்தா_தருமபுரி:

இன்பாக்ஸில் அனுப்பியிருக்கிறேன். மூன்று நகல் எடுத்துக்கொள்ளுங்கள், கலெக்டர் ஆபீஸ் பக்கத்து ஜெராக்ஸ் கடைகள் பத்து மணிக்கு முன் திறக்காது.